நாலாயிரத்தைத் தாண்டாத பயணம்

சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈசிஆருக்குத்தான் போவார்கள். அக்கரையைத் தாண்டியதும் ஒரு மிதி, கோவளம் கடந்ததும் இன்னொரு மிதி, மாமல்லபுரத்தில் இட்லி வடை, ஊர் விழிப்பதற்குள் வீடு. என் பள்ளித் தோழனோ, புதிதாக வாங்கிய மஞ்சள் நிற போர்ஷே 718 கேமனை வடக்கே திருப்பினான்.

காரணம், காரோடு வந்த கையேடு. முதல் 3,000 கிலோமீட்டருக்கு இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டக் கூடாது, முழு மிதி கூடாது, தடாலடி பிரேக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. முள் 7,500 வரை ஏறக்கூடிய, 300 குதிரைசக்தி இன்ஜின் அது. வாங்கிய முதல் நாளிலிருந்தே பாதி பலத்தைப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள். “ஈசிஆர் பக்கம் போனா என் கால் சும்மா இருக்காதுடா. பழவேற்காட்டு ரோடுன்னா, ரோடே என்னைப் பிடிச்சுக்கும்” என்றான். ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரைகள் வந்திருக்கும் என்பது என் பேராசை.

செங்குன்றம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர் அவன் அப்பா. இவன் அதையே சிஎன்சி எந்திரங்களோடு பெரிதாக்கியவன். அதனால் புழல் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் ரன்-இன் என்கிற இந்த இன்ஜின் பழக்கல் பற்றி ஒரு வகுப்பே எடுத்துவிட்டான். சிலிண்டரின் உள்சுவரை வழவழவென்று விடுவதில்லை. ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போடுவார்கள். அந்தக் கீறலுக்குள்தான் எண்ணெய் தங்கும். அதன் மேட்டைத்தான் பிஸ்டன் ரிங் தேய்த்துத் தேய்த்துத் தனக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளும். அவசரப்பட்டு மிதித்தால் சூடு ஏறும். ரொம்பத் தயங்கி ஒரே வேகத்தில் உருட்டினாலும் ரிங் சரியாகப் பதியாது. ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். பிரேக் பேடுக்கும் சில நூறு கிலோமீட்டர் பழக்கம் வேண்டும், டயருக்கும் வேண்டும். இன்றைய எந்திரங்கள் இழைக்கும் துல்லியத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. இவன் அவர்களை நம்புவதில்லை. இவன் அப்பா வாங்கிய பத்மினி காரின் பின்கண்ணாடியில் ‘ரன்னிங் இன்’ என்று எழுதிய காகிதம் மாதக்கணக்கில் ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். மாட்டுவண்டி முந்திப் போனாலும் அந்த மனிதர் கவலைப்பட மாட்டார்.

செங்குன்றத்தில் அரிசி மண்டி லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. லோடு மேன் ஒருவர் மூட்டையைத் தோளில் வைத்தபடியே குனிந்து காருக்குள் பார்த்தார். “ரெண்டு பேருக்குத்தான் சீட்டா? அப்ப குடும்பம்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தோழன் அதை வீட்டிலேயே ஒருமுறை கேட்டிருப்பான் போலிருக்கிறது, சிரிக்கவில்லை.

சோழவரம்

ஜிஎன்டி சாலையில் போகிற பாதிப்பேருக்குச் சோழவரம் என்றால் ஏரிதான். எங்கள் தலைமுறைக்கு அது ரேஸ். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம் இங்கே இருக்கிறது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. தகர வேலியும் வைக்கோல் கட்டும்தான் பாதுகாப்பு. ஃபியட்டும் ஹெரால்டும் புல்லட்டும் யெஸ்டியும் ஓடிய அதே தளத்தில், 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையும் கொண்டுவந்து ஓட்டினார். பட்டறையில் வேலை பார்க்கிற பையன்கள் பஸ் பிடித்து வந்து வெயிலில் நின்று பார்த்தார்கள். என் தோழனை அவன் அப்பா அப்படித்தான் கூட்டி வந்திருக்கிறார். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் திறந்ததும் சோழவரத்தின் சத்தம் அடங்கியது.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர்: 2005-இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2010-இல் சென்னை கருண் சந்தோக். இருவருமே தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் என்பது தற்செயல் இல்லை. கருணின் தாத்தா இந்து சந்தோக், சோழவரத்தில் பந்தயம் நடத்திய கிளப்பின் நிறுவனர்களில் ஒருவர். 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 ஓட்டியபோது நகரமே புதுமையாகப் பார்த்தது. அந்தப் பந்தயப் பழக்கத்தின் வேர் இங்கே, ஒரு ஏரிக்கரையில் கிடக்கிறது. அதைச் சொல்ல ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை.

தோழன் வேகத்தைக் குறைத்தான். “எங்க அப்பா இங்கதான் எனக்கு முதல்ல சொன்னாரு, நல்ல ரேஸ்காரன் பிரேக்கைத்தான் பழகுவான்னு” என்றான். பிறகு கொஞ்ச தூரம் அவன் எதுவும் பேசவில்லை. முள் 3,800-ஐத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

பொன்னேரி

காரனோடைப் பாலம், தச்சூர் கூட்டு ரோடு, வலப்பக்கம் திரும்பினால் பொன்னேரி. ஆறுவழிச் சாலை போய் இருவழிச் சாலை வருகிறது. வேகத்தடைகள் வரிசையாகத் தொடங்கின. தரையிலிருந்து ஐந்து அங்குலம்தான் இந்தக் காரின் வயிறு. ஒவ்வொரு தடையையும் நேராக ஏறாமல், ஒரு சக்கரம் ஒரு சக்கரமாகக் கோணலாக ஏறி இறங்க வேண்டும். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து, எங்களை முந்தும்போது தலையை வெளியே நீட்டி, “நோவுதா அண்ணே?” என்றார். ஆட்டோவுக்குள் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆரணி ஆற்றில் தண்ணீர் இருந்தது. வடகிழக்குப் பருவமழை கொடுத்துவிட்டுப் போன தண்ணீர், பழவேற்காட்டு ஏரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நாங்களும் அதன் திசையிலேயே போனோம், ஏறக்குறைய அதன் வேகத்திலேயே.

திருப்பாலைவனம்

பெயரில்தான் பாலைவனம். ஜனவரியில் இந்த ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் அறுப்பு. இயந்திரம் அறுத்துப் போட்ட வயல்களில் வைக்கோல் உருளைகள், கொக்குகள், வாத்துகள். ஊருக்குள் நுழையும் முன்பே சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது. ஈரநெல்லைத் தார்ச்சாலையில் பரப்பி, ஓரத்தில் செங்கல் வரிசை வைத்திருந்தார்கள். வெயில் ஏறினால் தார் வாங்கும் சூட்டுக்கு எந்தக் களமும் ஈடாகாது.

காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மா கையை நீட்டி எங்களை நிறுத்தினார். எதிரே லாரி. அது போகும் வரை நிற்க வேண்டும். தோழன் கண்ணாடியை இறக்கினான்.

“நெல்லு மேல ஏத்திடாதப்பா. உன் வண்டி தரையோட தரையா இருக்குது, அடியில எல்லாம் மாட்டிக்கும்.”

“ஏத்த மாட்டேம்மா. எத்தனை நாள் காயணும்?”

“வெயிலைக் கேளு. பதத்துக்கு மேல ஈரம் இருந்தா கொள்முதல்ல எடுக்க மாட்டேன்றான். இன்னிக்கு வாரிட்டா நல்லது. பனி இறங்கினா மறுபடி வம்பு.” பிறகு காரைச் சுற்றிப் பார்த்தார். “புதுசா?”

“ஆமாம்மா. இன்னும் வேகமா ஓட்டக் கூடாது.”

“எதுக்கு?”

தோழன் இன்ஜின் பழகணும் என்றான். அந்த அம்மா அதை வெகு சாதாரணமாக ஏற்றுக்கொண்டார். புது மாடு வாங்கினால் முதல் போகத்தில் பாரம் ஏற்ற மாட்டார்களாம், கழுத்து காய்க்கட்டும் என்று விடுவார்களாம். “இப்ப மாடு எங்க இருக்குது” என்று சொல்லிவிட்டு மறுபடி நெல்லுக்குள் நடக்கத் தொடங்கினார். லாரி போனது. நாங்கள் செங்கல் வரிசையை ஒட்டி, ஒரு கை அகலம் விட்டு நகர்ந்தோம். ஷோரூமில் எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள், நெல்லை ஒட்டி ஓட்டுவதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திருப்பாலீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. பாலை மரக் காடாக இருந்த இடம் என்பதால் ஊருக்கு இந்தப் பெயர், பாலையே தலமரம். லிங்கம் அமுதத்தால் ஆனது என்பது தலக்கதை. அதற்கேற்ப வெளுத்த நிறத்தைக் காட்டித்தான் பெரியவர்கள் கதை சொல்கிறார்கள். நாங்கள் போனபோது நடை சாத்தும் நேரம். குருக்கள் சாவிக்கொத்தோடு நின்றவர், “வாங்கோ, ரெண்டு நிமிஷம்” என்று உள்ளே விட்டார். தரிசனம் முடிந்து வெளியே வந்தால், காரைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள். சனிக்கிழமை.

“சார், சத்தம் போடுங்க சார்!”

இந்தக் காருக்கு இருப்பது நாலு சிலிண்டர் டர்போ இன்ஜின். முந்தைய ஆறு சிலிண்டரின் சங்கீதம் போய்விட்டது என்று உலகெங்கும் கார்ப் பைத்தியங்கள் புலம்பிய இன்ஜின். தோழன் கொஞ்சம் பெருமையோடுதான் சாவியைத் திருப்பினான். ஒரு பையன் காதைச் சாய்த்துக் கேட்டான். “எங்க மாமா புல்லட்டு இதைவிட சவுண்டு வரும்” என்றான். தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. கூட்டம் கலைந்து, கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பழவேற்காடு

திருப்பாலைவனம் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறுகிறது. வயல் மெலிந்து, உப்பு பூத்த தரை வருகிறது. காற்றில் சேறும் மீனும் கலந்த வாடை. சட்டென்று இடப்பக்கம் வானம் பெரிதாகிறது. ஏரி வந்துவிட்டது.

ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு வால் மட்டும் நமக்கு. வடக்கு தெற்காக அறுபது கிலோமீட்டர் நீளம் இருந்தாலும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். கண்ணுக்கெட்டிய தூரத்தில், நடு ஏரியில், ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கரையில் இருந்து அவர் வரைக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் எங்கே நடக்கலாம், எங்கே சேறு இழுக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து கப்பலேறின. அடிமைகளாக மனிதர்களும் ஏறினார்கள், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கோட்டை இப்போது புதர். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல்தூண்கள் நின்று வரவேற்கின்றன. அந்தச் சிற்பியின் கை அசாத்தியமானது. இருந்தாலும் எனக்கு அங்கே அதிக நேரம் நிற்கத் தோன்றவில்லை. உயிரோடு இருப்பவர்கள் ஏலக்கூடத்தில் கூவிக்கொண்டிருந்தார்கள்.

இறாலும் நண்டும் மடவையும் கிழங்கானும் கூறு கூறாகக் குவிந்திருந்தன. பெண்கள்தான் விலை பேசினார்கள், ஆண்கள் கூடையைத் தூக்கினார்கள். காரை நிறுத்தியதும் வலை பின்னிக்கொண்டிருந்த மூவர் எழுந்து வந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் கேட்ட முதல் கேள்வி விலை இல்லை.

“எஞ்சினைக் காட்டுங்க.”

தோழன் முன்மூடியைத் திறந்தான். காலிப் பெட்டி. பின்மூடியைத் திறந்தான். அதுவும் பெட்டி, மூலையில் எண்ணெய் ஊற்றுகிற மூடியும் தண்ணீர் ஊற்றுகிற மூடியும் மட்டும். இந்தக் காரில் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், நடுவயிற்றில் இருக்கிறது. மேலே தகடு போட்டு மூடிவிட்டார்கள். சொந்தக்காரன் பார்க்க வேண்டுமென்றால் மெக்கானிக் வந்து பிரிக்க வேண்டும்.

“இவ்ளோ காசு குடுத்து வாங்கிட்டு எஞ்சினைக் கண்ணால பாக்க முடியாதா? கடல்ல நின்னுபோச்சுன்னா?” என்றார் அவர். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

அவருடைய பைபர் போட்டில் புது டீசல் எஞ்சின் வைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தோழனுக்குக் கண் விரிந்தது. அடுத்த அரை மணி நேரம் அவர்கள் இருவரும் பேசியதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். புது எஞ்சின் வந்ததும் இவர்கள் தூரக் கடலுக்குப் போவதில்லை. கரைக்குக் கிட்டேயே, குறைந்த வலையோடு போவார்கள். முழு வேகத்தில் ஓட்ட மாட்டார்கள். ஒரே சீராகவும் ஓட விட மாட்டார்கள், ஏற்றி ஏற்றி இறக்குவார்கள். முதல் எண்ணெயைச் சீக்கிரமே வடித்துவிடுவார்கள், உள்ளே தேய்ந்த இரும்புத் தூள் அதில் வந்துவிடும். “வடிச்ச எண்ணெயை வெள்ளத் துணியில ஊத்திப் பாப்பேன். மினுமினுன்னு இருந்தா இன்னும் பழகலை.”

“மேனுவல்ல இருக்கிற மாதிரியே சொல்றீங்கண்ணே.”

“அது என்னாத்துல இருக்குதோ தெரியாது. போன எஞ்சினை அவசரப்பட்டு என் தம்பி கெடுத்தான். அதுல தெரிஞ்சுது.”

அன்று அவர் ஏரிக்குப் போகவில்லை, கடலுக்கும் போகவில்லை. ஏரியில் இறால் படும் இடங்களை இங்கே பாடு முறையில் பிரித்துக்கொள்கிறார்கள். இன்ன தலைக்கட்டுகள் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது, சுற்றிச் சுற்றி வரும். முறை இல்லாத நாளில் வலையைத் தைப்பார்கள். பாடுக்குள் வராதவர்களும் இந்த ஏரியை நம்பியிருக்கிறார்கள். சேற்றில் கையால் துழாவி இறால் எடுக்கும் இருளர் பெண்கள், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு முதுகு நிமிராமல் போவதைத் தூரத்தில் பார்த்தோம். நெடுஞ்சாலையில் முந்துவதே உரிமை என்று வளர்ந்த எங்களுக்கு, முறை வரும் வரை ஒருவர் இவ்வளவு சாவகாசமாக வலை தைப்பது நம்ப முடியாததாக இருந்தது. சண்டையே வராதா என்று கேட்டேன். “வராம? வரும். ஊர்ல உக்காந்து பேசுவோம்” என்றார்.

படகில் ஒரு சுற்று கூட்டிப் போக முடியுமா என்றும் கேட்டேன். மறுத்துத் தலையாட்டினார். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு ஆளை ஏற்றத் தடை. “கேக்காதீங்க சார்” என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

கடைத்தெரு மெஸ்ஸில் மடவை மீன் குழம்பு. சென்னையில் வஞ்சிரம் வஞ்சிரம் என்று உயிரை விடுகிறோம். ஏரியும் கடலும் கலக்கிற நீரில் வளர்ந்த மடவைக்கு ஒரு தனிக் கொழுப்பு உண்டு. புளியைக் கொஞ்சமாக விட்டு, மிளகாயை அரைத்து, மண்சட்டியில் கொதிக்க வைத்திருந்தார்கள். கூடவே இறால் தொக்கு. நண்டு வறுவல் வந்தபோது தோழன் பேச்சை நிறுத்தினான். ஓட்டு இடுக்கில் இருக்கும் சதையை எடுக்கப் பொறுமை வேண்டும். அன்று காலையிலிருந்து அவனுக்கு அதில் நல்ல பயிற்சி.

லைட் ஹவுஸ் குப்பம்

ஏரியின் மேல் பாலம் கடந்தால் மணல்திட்டு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்காள விரிகுடா, நடுவே குப்பங்கள். மணல் சாலையை மூடியிருந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். மீனவர்களுக்கு முகத்துவாரம்தான் பெரிய கவலை. மணல் சேர்ந்து அது அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது, படகும் வெளியே போக முடியாது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை இந்த ஊர்கள் எதிர்த்துப் போராடியதும் இந்தக் கவலையில்தான்.

வடக்கே மங்கலாகத் தெரிகிற கரை ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்டில் எஸ்எல்வி-3 முதன்முதலாகக் கிளம்பியதிலிருந்து இந்தக் கரைக்காரர்கள் எத்தனையோ ராக்கெட்டுகளைப் பார்த்துவிட்டார்கள். ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைக்கு வருமானம் இல்லை, வேடிக்கை உண்டு. பிஎஸ்எல்வியின் முதல் கட்டம் இரண்டு நிமிடத்துக்குள் எரிந்து முடிந்து கடலில் விழுந்துவிடும். “அதுக்கு மட்டும் ரன்-இன் கிடையாது பார். பிறந்ததும் முழு மிதி” என்றான் தோழன். பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த பையன், “ஜன்னல் எல்லாம் அதிரும்ணா” என்றான்.

பூநாரைகள் தெரிந்தன, ஆனால் வெகு தூரத்தில். நீர்க்கோட்டின் மேல் வெளிர்சிவப்பில் ஒரு கோடு. அவை பெரும்பாலும் ஆந்திரப் பக்கத்து ஆழமற்ற நீரில்தான் மேய்கின்றன. பக்கத்தில் வந்து நின்றவை கூழைக்கடாக்கள்தான், மீன் கூடைக்கு உரிமை கொண்டாடியபடி.

திரும்பும் வழியில் பனையோலைக் கூடை பின்னும் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். சாயம் ஏற்றிய ஓலையில் மூடி வைத்த கூடை ஒன்றை வாங்கினேன். கையோடு கருவாடும் வாங்கினேன். போர்ஷேயின் முன்பெட்டி 150 லிட்டர் கொள்ளளவு என்று கையேடு பெருமையாகச் சொல்கிறது. அது கருவாட்டுக்கு என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தோழன் கூடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பெட்டியைத் திறந்தான்.

மீஞ்சூர்

வந்த வழியே போகாமல் பொன்னேரியிலிருந்து மீஞ்சூர் பக்கம் திரும்பினோம். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை இங்கேதான் முடிகிறது. ஒரகடம் பக்கம் தயாராகும் கார்களை டிரெய்லரில் ஏற்றி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் வழி இது. டீக்கடை ஓரமாக அப்படி ஒரு டிரெய்லர் நின்றது. இரண்டு அடுக்கு, எல்லாம் பளபளவென்று, வெள்ளை உறை போர்த்திய புதுக் கார்கள். எந்த நாட்டிலோ யாரோ ரன்-இன் செய்யப்போகிற கார்கள்.

டிரெய்லர் ஓட்டுநர் டீ கிளாஸோடு எங்கள் காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் வந்ததும் மூக்கைச் சுளித்தார். “கருவாடா?”

“பழவேற்காடு போனோம்ணே.”

“என் வண்டியில இத்தனை காரு இருக்குது, ஒண்ணுகூட அஞ்சு கிலோமீட்டர் ஓடியிருக்காது. ஏத்த, எறக்க, அவ்ளோதான். உங்களுது எவ்ளோ ஆச்சு?”

தோழன் சொன்னான். ரன்-இன் முடிய இன்னும் நிறைய இருக்கிறது என்றும் சொன்னான். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார்.

“அப்ப சூளூர்பேட்டையிலேர்ந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோட்டுக்குப் போங்க. ரெண்டு பக்கமும் ஏரி, பூநாரை எல்லாம் ரோட்டோரமாவே நிக்கும். நூல் புடிச்ச மாதிரி நேரா போவும், ஒரு வளைவு கிடையாது.”

தோழன் அவசரமாகக் கையை ஆட்டினான். “நேர் ரோடா? வேணாம்ணே. இப்ப வேணாம்.”